பனியில் விழுந்த இரண்டு பற்கள்

வலித்திருந்தால் முன்பே போயிருப்பேன்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பகெத் ரொட்டியின் முறுகலான நுனியை முன்பல்லால் கடித்து இழுத்தபோது, கீழ்வரிசைப் பல் ஒன்று லேசாக முன்னால் சாய்ந்து, பிறகு தன் இடத்துக்கே திரும்பியது. அவ்வளவுதான். வலி இல்லை. நாக்கால் தள்ளிப் பார்த்தேன். நகர்ந்தது. மறுபடி தள்ளினேன். மறுபடி நகர்ந்தது.

"அம்மா, பல்லு ஆடுது."

அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பல் என்று கேட்கவில்லை. "கிராம்புத் தைலம் வை. உப்புத் தண்ணில கொப்பளி. டாக்டர்கிட்ட மட்டும் போயிடாத. அவங்க கை வெச்சாங்கன்னா இருக்கறதும் ஆடும்" என்றாள்.

இதை நான் பதினெட்டு வயதிலிருந்து கேட்டு வருகிறேன். கல்லூரியில் இலவசப் பல் முகாம் நடந்தபோது கையெழுத்துக்காகக் கொண்டுவந்த படிவத்தை அம்மா இரண்டாகக் கிழித்துப் போட்டாள். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்த நாட்களில் பிரஷ்ஷை மாற்றச் சொன்னாள். நான் கேள்வி கேட்கவில்லை. அம்மாவுக்குத் தன் பற்கள் முப்பத்திரண்டும் இருந்தன. இறந்துபோன அப்பாவுக்கும் கடைசிவரை இருந்தன.

என் பெயர் ஃபானி, வயது இருபத்தேழு. மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவள். அக்கா ஃபிரான்சுவாஸ் என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணமாகிப் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். தங்கை கமீய்க்குப் பதினேழு. லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறாள், அடுத்த வருடம் பள்ளி இறுதித் தேர்வான பாக் பரீட்சை எழுத வேண்டும். அப்பா தேவதாஸ் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் பென்ஷனில் பாதி இப்போது அம்மாவுக்கு வருகிறது. நான் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கட்டடம் கட்டுவதற்கு முன் நிலம் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். தரையில் துளையிட்டு, குழாயை நிறுத்தி, ஒரு கனத்த இரும்புக் குண்டை எப்போதும் ஒரே உயரத்திலிருந்து அதன் தலையில் விழவிடுவோம். குழாய் முப்பது சென்டிமீட்டர் இறங்க குண்டு எத்தனை முறை விழ வேண்டியிருக்கிறது என்று எண்ணி எழுதுவோம். ஐம்பது என்றால் நிலம் கெட்டி. நான்கு என்றால் அங்கே வீடு கட்டக் கூடாது. மேலே புல் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை.

அப்படி எண்ணிப் பழகியதால்தானோ என்னவோ, வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவிடம் சொல்லாமல், மறுநாள் மாலை டாக்டர் சிவசங்கரியின் க்ளினிக்குக்குப் போனேன். அவர் ஈறு நோய்க்கென்றே தனியாகப் படித்தவர்.

"எங்கயாவது வலிக்குதாம்மா?"

"இல்ல டாக்டர்."

"அதான் பிரச்சினையே" என்றார்.

அவர் கையில் எடுத்தது மெல்லிய உலோகக் குச்சி. நுனி மழுங்கியது. பக்கவாட்டில் மில்லிமீட்டர் கோடுகள். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்ல இறக்கி, எந்தக் கோடு வரை போகிறது என்று பார்த்து, எண்ணைச் சொன்னார். உதவியாளர் பெண் எழுதிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடம். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயில் கை இருந்ததால் சிரிக்க முடியவில்லை. நாங்கள் நிலத்தில் செய்வதைத்தான் அவர் என் வாய்க்குள் செய்துகொண்டிருந்தார்.

"ரெண்டு, மூணு, ரெண்டு. மூணு, ரெண்டு, மூணு." இப்படியே போய்க்கொண்டிருந்தது. முன்பற்களுக்கு வந்தார். "ஏழு. மூணு. எட்டு." குரல் மாறவில்லை. ஆனால் உதவியாளர் நிமிர்ந்து பார்த்தாள். வலதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில், "ஒம்பது."

பிறகு எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி உட்காரவைத்து விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

பல் எலும்பில் ஒட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் குறுக்கே ஆயிரக்கணக்கான நார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. பல் அந்த நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கல்லைக் கடித்தாலும் உடனே உடைவதில்லை. நார்கள் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. மேலே ஈறு ஒரு சட்டைக் கழுத்துப் பட்டை மாதிரி பல்லைச் சுற்றி நிற்கிறது. பட்டைக்கும் பல்லுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பள்ளம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பள்ளத்தில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. படலத்தை எடுக்காமல் விட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்பு சேர்ந்து காறையாக இறுகுகிறது. அதற்குக் கீழே புதுப் படலம். பள்ளம் ஆழமாகிப் பையாகிறது.

இதுவரை எனக்கு வியப்பில்லை. அடுத்ததுதான் என்னை நாற்காலியின் நுனிக்கு இழுத்தது.

"எலும்பைக் கரைக்கறது கிருமின்னு நெனக்கிறீங்களா? இல்லம்மா. ஒங்க ஒடம்புதான். கிருமி வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் ஒடம்பு படையை அனுப்பும். கிருமியை ஒழிக்க முடியலன்னா, எலும்பைக் கரைச்சுக்கிட்டுப் பின்வாங்கிடும். பல்லைக் கைவிட்டுட்டுத் தன்னைக் காப்பாத்திக்கும்."

பிள்ளைச்சாவடியில் கடல் அரித்த கரையில் நான் வேலை செய்திருக்கிறேன். அங்கே ஒரு வீடு சாய்வதற்கு முந்தின வாரம்தான் வெளிச்சுவருக்கு வர்ணம் அடித்திருந்தார்கள். சுவரில் விரிசல் இல்லை. கீழே மணல் மட்டும் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. திரையில் என் கடைவாய்ப் பல்லைச் சுற்றி எலும்பு கிண்ணம் போலக் குழிந்திருந்ததைப் பார்த்தபோது அந்த வர்ணம்தான் ஞாபகம் வந்தது. இளநீலம்.

"வெளிய பாத்தா ஒங்க வாய் சுத்தமாத்தான் இருக்கு. வயசும் கம்மி. இந்த வயசுல, முன்பல்லையும் முதல் கடைவாய்ப் பல்லையும் மட்டும் குறி வெச்சு இப்படி எலும்பு போச்சுன்னா, அது பெரும்பாலும் குடும்பத்துல ஓடும். வயசுக்கு வர்ற சமயத்துல ஆரம்பிக்கும். வீட்டுல யாருக்காவது முப்பது வயசுக்குள்ள பல்லு விழுந்திருக்கா?"

"யாருக்கும் இல்ல டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கூடப் பொறந்தவங்க?"

"அக்காவுக்கு ரெண்டு போயிருக்கு. ஆனா அது வேற. ஃபிரான்ஸுக்குப் போன மொத வருஷம் பனியில வழுக்கி விழுந்துட்டா."

ஒன்பது வருடத்துக்கு முன்னால் வீடியோ அழைப்பில் அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசியது, கை விலகிய ஒரு நொடியில் கறுப்பாகத் தெரிந்த இடைவெளி, பக்கத்தில் நின்ற அம்மா அவசரமாக "பனியில விழுந்துட்டாடி" என்று சொன்னது எல்லாம் அப்படியே கண்ணில் இருந்தன. அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் அவளுக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். பனியை நான் பார்த்ததில்லை. அதன்மேல் எனக்குப் பல வருடம் கோபம் இருந்தது.

"எந்தப் பல்லு?"

"கீழ, முன்னால ரெண்டு."

"கீழயா?" டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "மேல் பல்லுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"இல்ல."

"சரி. எப்படி வேணாலும் விழலாம்." குடும்ப வரலாறு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். "தம்பி தங்கச்சி இருந்தா எதுக்கும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க. பாத்துடுவோம்."

நான் தலையாட்டினேன். வீட்டில்தான் யாருக்கும் இல்லையே என்ற தைரியத்தில், கமீய்க்கு நேரம் கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தத் தவறு என் கணக்கில்தான்.

அடுத்த இரண்டு வாரங்களில் நான்கு முறை போனேன். ஒவ்வொரு முறையும் வாயின் கால்பகுதியை மரத்துப்போகச் செய்து, ஈறுக்கு அடியில் மெல்லிய கரண்டி போன்ற கருவியை விட்டு, வேரில் ஒட்டியிருந்த காறையைச் சுரண்டி எடுத்தார். கறுத்த, கெட்டியான துணுக்குகள். ஒரு வார மாத்திரையும் கொடுத்தார். முதல் தடவை முடிந்ததும் நாக்கால் தடவினேன். பற்களின் நடுவே சந்து திறந்திருந்தது. பல் முன்னைவிட அதிகம் ஆடியது போலவும் இருந்தது. அம்மா சொன்னது சரிதானோ என்று பயந்து கேட்டேன்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று சிரித்தார். "காறை ஒங்க பல்லுங்களுக்கு நடுவுல சிமெண்ட் மாதிரி உக்காந்திருந்தது. ஈறும் வீங்கி இறுக்கமா இருந்தது. சிமெண்டை எடுத்துட்டோம், வீக்கம் வடியுது. அதனால சந்து தெரியுது. ஆட்டம் புதுசா வரல, மறைஞ்சிருந்தது தெரியுது. ஈறு போய் வேரோட ஒட்டிக்க மூணு மாசம் ஆகும். அக்டோபர்ல திரும்ப அளப்போம். முன்பல்லுங்க தங்கும்னு நெனக்கிறேன். அந்த ஒம்பதுக்கு மட்டும் இப்ப வாக்குக் குடுக்க மாட்டேன்."

அந்த 'கீழயா?' மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தால் என்னால் பாதியில் நிறுத்த முடியாது. அக்டோபரில் தெரியப்போகும் அந்த எண்ணைவிட இதுதான் என்னை அதிகம் அரித்தது. கண்ணாடி முன் நின்று வாயை மூடிப் பார்த்தேன். மேல் முன்பற்கள் டப்பா மூடி போலக் கீழ்ப் பற்களை வெளியிலிருந்து மூடியிருக்கின்றன. குப்புற விழுந்தால் தரை முதலில் தொடுவது மூக்கை, மோவாயை, அல்லது மேல் பற்களை. கீழ்ப் பற்களைத் தொட வேண்டுமானால் மேல் பற்களைத் தாண்டித்தான் வரவேண்டும். மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் கீழே இரண்டு மட்டும் எப்படிப் போகும்? மோவாயில் தையல் போட்டிருக்க வேண்டும். உதடு கிழிந்திருக்க வேண்டும். அக்காவின் போட்டோக்களை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் மோவாய் வழவழவென்று இருந்தது.

ஆகஸ்டில் அவளும் அவள் கணவரும் வந்தார்கள். அத்ரியான் மாமா ரயிலில் வேலை பார்க்கிறவர். லீவு கிடைப்பது அபூர்வம். அக்கா வருடா வருடம் வந்தாலும் அவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். வந்தாலும் கருவடிக்குப்பத்தில் தன் அம்மா வீட்டில்தான் அதிகம் இருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கமீய் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

அக்கா வழக்கம்போல ஒரு பையைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் எனக்கும் கமீய்க்கும் ஆளுக்கொரு எலக்ட்ரிக் பிரஷ், விலையுயர்ந்த பேஸ்ட். "நல்லா ரெண்டு நிமிஷம் தேய்க்கணும், தெரியுமா? ரெண்டு வேளையும்" என்று எப்போதும் சொல்வாள். பாரிசிலிருந்து வருகிறவர்கள் சென்ட் கொண்டுவருவார்கள், சாக்லேட் கொண்டுவருவார்கள். என் அக்கா மட்டும் பிரஷ் கொண்டுவருகிறாளே என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

மீன் குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. மாமா மொட்டை மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்.

"அக்கா, எனக்குப் பல்லு ஆடுது."

அவள் கையில் இருந்த பிரஷ் டப்பா அசையாமல் நின்றது. "எந்தப் பல்லு?"

"கீழ, முன்னாடி. ஒனக்குப் போச்சே, அதே எடம்."

"ஐயோ. டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தேன்."

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள். "எப்ப பாத்தே? எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ!"

"சொன்னா விட்டிருப்பியா? அத விடு. அக்கா, நீ பனியில எப்படி விழுந்தன்னு கொஞ்சம் காட்டேன்."

"இன்னாடி இது, போலீஸ் விசாரணையா?" அக்கா சிரிக்கப் பார்த்தாள்.

"சும்மா காட்டு. முன்னால விழுந்தியா, பின்னால விழுந்தியா?"

"முன்னால" என்றாள் அம்மா.

"பின்னால" என்றாள் அக்கா.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பின்னால விழுந்தா மண்டைதான்க்கா ஒடையும்."

"ஒம்பது வருஷம் ஆச்சு. யாருக்கு ஞாபகம்?" என்றாள் அக்கா.

மாமா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே படியிறங்கி வந்தார். "யாரு விழுந்தது?"

"அக்கா. பனியில. பல்லு போச்சே, அப்ப."

"பனியிலயா?" அவர் உண்மையாகவே சிரித்தார். "ஒங்க அக்கா பனி பேஞ்சா வீட்டை விட்டு வெளியவே வர மாட்டா, அவ எங்க விழறது! அந்தப் பல்லு ரெண்டும் டாக்டர் புடுங்கனது. ஈறு வியாதி. எலும்பே இல்லன்னுட்டாரு."

"ஆரெத், அத்ரியான்" என்றாள் அக்கா. நிறுத்து என்பதை எங்கள் வீட்டில் பிரெஞ்சில் சொன்னால் காரியம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். "ஒனக்குத்தான் தெரியுமே? அந்த டாக்டர் ஒனக்குன்னு கடுதாசி எழுதிக் குடுத்தாரே. கூடப் பொறந்தவங்களை ஒடனே பாக்கச் சொல்லு, சின்ன வயசுலயே பாத்தா நிறுத்திடலாம்னு. நாந்தான் தபால்ல போட்டேன், ஃபிரான்சுவாஸ் ஒங்க வெலாசம் எழுதினா. நீ அப்பலேருந்து வைத்தியம் பாத்துக்கறன்னுல்ல நெனச்சுக்கிட்டிருக்கேன்? எங்க அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்னு சொன்னா. சரி, பொம்பளைங்க விஷயம்னு விட்டுட்டேன்."

அடுப்பில் குழம்பு பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அம்மா போய் அதை அணைத்துவிட்டு வந்தாள்.

"கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சு" என்றாள் அம்மா. அவள் கான்வென்டில் பிரெஞ்சு படித்தவள். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

"எங்க?"

"கிழிச்சிட்டேன்."

"ஏம்மா?"

"ஏன்னு கேளு. கல்யாணம் முடிஞ்சு அஞ்சு மாசம்கூட ஆகல. பல்லு வியாதி இருக்கற பொண்ணத் தலையில கட்டிட்டாங்கன்னு மாப்ள வீட்டுல சொன்னா நான் இன்னா பதில் சொல்லுவேன்? அதோட, தெயோவுக்கு ஒன்னைக் கேட்டிருந்தாங்க. படிப்பு முடியட்டும்னு சொல்லியிருந்தோம். அந்த நேரத்துல ஒனக்கும் அதே வியாதின்னு எவனாவது எழுதிக் குடுத்தா?"

தெயோ மாமாவின் தம்பி. எனக்கு அவன் முகம்கூடச் சரியாக நினைவில்லை.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். "தெயோவுக்கா? அத்தே, அவன் அப்பவே லியோன்ல ஒருத்தியோட குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்தான்!"

"அது எங்களுக்குத் தெரியுமா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இல்லாத ஒரு கல்யாணத்துக்காக என் தாடை எலும்பை வரதட்சிணையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா அழ ஆரம்பித்தாள். "நல்லாத்தான் இருந்தா இவ. அங்க போயி க்ளீன் பண்ணிக்கிட்டா, பல்லு ஆட ஆரம்பிச்சுது, ரெண்டைப் புடுங்கிட்டானுங்க. ஒனக்கும் அப்படி ஆயிடும்னுதான் நான் ஒன்னை டாக்டர்கிட்டயே அனுப்பல. ஒன் நல்லதுக்குத்தான்டி."

அதை நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். சிமெண்டை எடுத்ததும் சந்து தெரிவதைப் பார்த்து, சிமெண்டை எடுத்தவன்தான் சுவரை உடைத்தான் என்று எண்ணுகிறவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியாது.

அக்காவுக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை.

"நீ அங்க எத்தனை தடவ போற, அக்கா? ஈறு டாக்டர்கிட்ட?"

மாமா சொன்னார்: "மூணு மாசத்துக்கு ஒரு தடவ. ஒரு தடவகூடத் தவறினதில்ல."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒன்பது வருடம். முப்பத்தாறு முறை அவள் அந்த நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். முப்பத்தாறு முறை அந்தக் குச்சி அவள் ஈறில் இறங்கியிருக்கிறது. யாரோ எண்களை உரக்கப் படித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்ததால்தானே பிரஷ்?

மேசைமேல் இருந்த டப்பாவை எடுத்தேன். "இது ஈறுக்குக் கீழ எவ்வளவு தூரம் போகும்னு ஒங்க டாக்டர் சொல்லியிருப்பாரே?"

"ஃபானி..."

"ஒரு மில்லிமீட்டர். மிஞ்சிப்போனா ரெண்டு. எனக்கு ஒம்பது. நீ வருஷா வருஷம் இதைக் கொண்டாந்து குடுத்துட்டு, நல்லா தேய்னு சொல்லிட்டுப் போயிருக்க."

"எத்தனையோ தடவ சொல்லணும்னு நெனச்சேன். மொத வருஷம் சொல்லல. ரெண்டாவது வருஷம் போயி, போன வருஷமே ஏன் சொல்லலன்னு நீ கேப்பியேன்னு... அப்படியே போயிடுச்சு." அவளும் அழுதாள். அழும்போதும் கீழ் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. நான் இப்போதுதான் கவனித்தேன்.

ஆளுக்கு ஒருபக்கம் பார்த்தபடி சாப்பிட்டோம். மாமா மட்டும் இரண்டு முறை "நாந்தான் ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும்" என்றார். நான் மீனை ஒருபக்கக் கடைவாயில் மட்டும் மென்றேன்.

கை கழுவும்போது அம்மா என் பின்னால் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தி, "கமீய்கிட்ட எதுவும் சொல்லி வெக்காத. பாக் இருக்கு. பயந்துடுவா. பரீட்சை முடியட்டும், நாமளே பக்குவமா கூட்டிட்டுப் போவோம்" என்றாள்.

"ஆமா ஃபானி, ஒரு வருஷம்தானே" என்றாள் அக்கா கூடத்திலிருந்து.

நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே வீட்டில், இதே இரண்டு பேர், அநேகமாக இதே குரலில்தான் பேசியிருப்பார்கள். அப்போதும் படிப்பு முடியட்டும் என்றார்கள். அவர்களைக் கொடுமைக்காரர்களாக நினைத்துக்கொள்ள முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் எப்போதும்போல அன்பாகத்தான் இருந்தார்கள்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அவ பேரும் கெடணும்னு பாக்கறியா?"

"அவ பல்லு இருக்கணும்னு பாக்கறேன்."

"எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா நான் இன்னா சொல்லுவேன், ஃபானி?" என்றாள் அக்கா.

"பனியில விழுந்தேன்னு சொல்லு."

அதைச் சொன்னபோது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அன்று இரண்டாவது முறையாக அழுதபடி அவள் கருவடிக்குப்பத்துக்குக் கிளம்பினாள். பிரஷ் டப்பாக்கள் மேசைமேலேயே இருந்தன.

கமீயிடம் எதையும் மறைக்காமல், ஆனால் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் திங்கட்கிழமை வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன். "என் பல்லுக்கு வந்திருக்கற வியாதி குடும்பத்துல ஓடுதாம். ஒனக்கும் பாத்துடலாம். வலிக்காது" என்று மட்டும் சொன்னேன். மீதியை அவளே கேட்பாள் என்று தெரியும்.

டாக்டர் என் சீட்டை எடுத்தார். குடும்ப வரலாற்றில் எழுதியிருந்த 'இல்லை'யை அடித்தார். அக்கா, பல் போனபோது வயது இருபத்துநான்கு, கீழ் முன்பற்கள் இரண்டு என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். "மொத நாளே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே இவங்களைக் கூப்பிட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

உதவியாளர் அன்று லீவு. "எண்களை எழுதறது ஒங்களுக்குப் பழக்கம்தானே?" என்று என்னிடம் அட்டையையும் பேனாவையும் கொடுத்தார்.

கமீய் சாய்ந்து படுத்தாள். வாயைத் திறந்தாள். சின்னஞ்சிறிய, வெள்ளை வெளேரென்ற பற்கள். ஈறு இளஞ்சிவப்பு. பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

"ரெண்டு, ரெண்டு, மூணு. ரெண்டு, ரெண்டு, ரெண்டு."

நான் எழுதிக்கொண்டே வந்தேன். முன்பற்கள் வந்தன. "மூணு, ரெண்டு, மூணு." மூச்சு விட்டேன். கீழ் வலது கடைவாய்ப் பல்.

"ரெண்டு. ரெண்டு." குச்சி நின்றது. திரும்ப எடுத்து, திரும்ப இறக்கினார். "அஞ்சு."

குச்சியின் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது.

"பயப்படற மாதிரி இல்ல" என்று டாக்டர் கமீயிடம் சொன்னார். "இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு தடவ வந்தா போதும். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ காட்டணும். இந்தப் பல்லு எங்கயும் போகாது." பிறகு என்னைப் பார்க்காமல், "ஒங்களுக்கும் ஒரு காலத்துல இங்க அஞ்சுதான் இருந்திருக்கும்" என்றார்.

கமீய் எழுந்து உட்கார்ந்து வாய் கொப்பளித்தாள். துப்பிய தண்ணீரில் இருந்த சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"குடும்பத்துல ஓடுதுன்னா? நேத்து மத்தியானம்."

"அம்மாவுக்கு?"

நான் அட்டையைப் பார்த்தேன்.

"அம்மாவுக்கு எப்பத் தெரியும், ஃபானி? அக்காவுக்கு?"

"ஒம்பது வருஷமா."

அவள் விரல் விட்டு எண்ணவில்லை; கணக்கில் கெட்டிக்காரி. "அப்ப எனக்கு எட்டு வயசு" என்றாள்.

"எனக்குப் பதினெட்டு" என்றேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. பிறகு மறுபடி சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டாள்.

"மேல் வரிசை" என்றார் டாக்டர். "மூணு, ரெண்டு, ரெண்டு."

எழுதினேன்.